ஒரே ஆட்டம், இரண்டு ஸ்கோர்

கலிஃபோர்னியாவில் ஒரு பழைய கோடரித் தலை இருக்கிறது. அதை மரப்பலகை ஒன்றில் பதித்து, வருடா வருடம் நடக்கும் ஒரு கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தின் ஸ்கோர்களையும் அதில் வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். அந்த வரிசையில் 1982-ஆம் ஆண்டின் வரி மட்டும் நிலையாக இருப்பதில்லை. கோடரி பெர்க்லி வசம் இருக்கும்போது ‘பெர்க்லி 25, ஸ்டான்ஃபோர்டு 20’ என்று இருக்கும். ஸ்டான்ஃபோர்டு ஜெயித்துக் கோடரியைக் கொண்டுபோனதும், அங்குள்ள மாணவர்கள் அதை ‘ஸ்டான்ஃபோர்டு 20, பெர்க்லி 19’ என்று மாற்றிவிடுவார்கள். பெர்க்லி மறுபடி ஜெயித்தால் வரியும் மறுபடி மாறும். ஆட்டம் முடிந்து நாற்பது வருடம் தாண்டிவிட்டது. அந்த ஒரு வரியில் மட்டும் இரு பக்கமும் இன்னும் சமாதானமாகவில்லை.

அதிகாரப்பூர்வமான முடிவு 25–20. பெர்க்லி ஜெயித்தது. அதில் எந்தக் குழப்பமும் கிடையாது. ஆனால் 19 எப்படி 25 ஆனது என்பதை அன்றைக்கு மைதானத்தில் இருந்த 75,000-க்கும் மேற்பட்டவர்களில் முழுசாகப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அவரவர் பார்த்த துண்டை மற்றவர்களிடம் கேட்ட துண்டுகளோடு ஒட்டித்தான் இந்த ஆட்டத்தின் கதையை வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் இத்தனை பிடிப்பு வரக் காரணமே அதுதான்.

முதலில் இரண்டு கல்லூரிகளையும் பார்த்துவிடலாம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் பெர்க்லி. 1868-இல் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம். தமிழ் வாசகர்களுக்கு, சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜார்ஜ் ஹார்ட் பல்லாண்டு தமிழ் கற்பித்த இடம் என்றால் சட்டென்று புரியும். விரிகுடாவின் மறுபக்கம், ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஸ்டான்ஃபோர்டு. ரயில்வே முதலாளி லேலண்ட் ஸ்டான்ஃபோர்டும் அவர் மனைவியும் இறந்துபோன மகனின் நினைவாகக் கட்டி 1891-இல் திறந்த தனியார் பல்கலைக்கழகம். ஒன்று அரசுப் பணத்தில் நடப்பது, இன்னொன்று பணக்காரக் குடும்பத்தின் கொடை. இந்த வித்தியாசம் போதாதா? திறந்த அடுத்த ஆண்டே, 1892-இல், இரண்டு கல்லூரிகளும் சான் ஃபிரான்சிஸ்கோவில் கால்பந்தில் மோதின. ஸ்டான்ஃபோர்டு அணிக்கு மாணவ மேலாளராக இருந்தவர் ஹெர்பர்ட் ஹூவர். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான அதே ஹூவர்தான். அன்று தொடங்கிய ஆட்டத்துக்கு ‘பிக் கேம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. மற்ற ஊர்களில் பெரிய ஆட்டங்கள் பல இருக்கலாம், இந்தப் பக்கத்து மக்களுக்கு ‘பிக் கேம்’ என்றால் ஒன்றுதான்.

கோடரி வந்த கதை தனி. 1899-இல் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின்போது ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் பெர்க்லியின் நீல, தங்க நிறங்களை வெட்டிக் காட்டுவதற்காக அதைக் கொண்டுவந்தார்கள். பெர்க்லி மாணவர்கள் அதைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் துரத்தல். வழியில் பிடியை அறுத்து எறிந்துவிட்டு, தலையை மட்டும் ஒருவர் உடைக்குள் மறைத்துப் படகேறி ஊர் போய்ச் சேர்ந்தார். அப்புறம் 31 வருடம் அது பெர்க்லி வசமே இருந்தது, பெரும்பாலும் வங்கிப் பெட்டகத்துக்குள். 1930-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 21 பேர் திட்டம் போட்டுத் திருப்பி எடுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் இன்றும் அவர்களுக்கு ‘அழியாப் புகழ் 21’ என்று பெயர். 1933-இல் இரு பக்கமும் உட்கார்ந்து பேசி, இனி பிக் கேமில் ஜெயிப்பவருக்கே கோடரி என்று முடிவு செய்தன.

சரி, இனி ஆட்டத்தின் விதிகள். மூன்றே மூன்று தெரிந்தால் போதும். இது நமக்குப் பழக்கமான கால்பந்து இல்லை. கூர்முனைப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி, ‘எண்ட் ஸோன்’ எனப்படும் பகுதிக்குள் பந்தோடு போனால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு கூடுதலாக ஒன்றோ இரண்டோ புள்ளி எடுக்க ஒரு முயற்சியும் உண்டு. பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. முதல் விதி: கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டாலும், பந்து ஓட்டத்தில் இருக்கும்வரை ஆட்டம் முடியாது. இரண்டாவது: பந்தை முன்னால் எறியத்தான் கட்டுப்பாடுகள் உண்டு, பக்கவாட்டிலோ பின்னாலோ எத்தனை முறை வேண்டுமானாலும் எறியலாம். அதற்கு ‘லேட்டரல்’ என்று பெயர். கைதவறினால் எதிரணி எடுத்துக்கொள்ளும் என்பதால் யாரும் அதை அதிகம் செய்யமாட்டார்கள். மூன்றாவது: கல்லூரி ஆட்டத்தில், பந்து வைத்திருப்பவரின் முழங்கால் தரையில் பட்டால் அந்த இடத்திலேயே ஓட்டம் முடிந்தது. இந்த மூன்றாவது விதியில்தான் பிற்காலச் சண்டை முழுவதும் இருக்கிறது.

1982 நவம்பர் 20, சனிக்கிழமை. பெர்க்லியின் மெமோரியல் ஸ்டேடியம். முதல் உலகப்போரில் இறந்த கலிஃபோர்னியர்களின் நினைவாக 1923-இல் குன்றடிவாரத்தில் கட்டியது. ஹேவர்டு நிலப்பிளவு அதற்கு நேர் அடியில் ஓடுகிறது. மேலே ஒரு மேடு இருக்கிறது. டிக்கெட் வாங்காமல் அங்கே உட்கார்ந்து பார்க்கலாம் என்பதால் அதைக் ‘கஞ்சன் மேடு’ என்ற பொருளில்தான் அழைப்பார்கள். அந்த மேட்டில் ஒரு பீரங்கி உண்டு. பெர்க்லி புள்ளி எடுத்தால் வெடிக்கும்.

ஸ்டான்ஃபோர்டின் பந்தெறி வீரர் ஜான் எல்வே. அந்த ஆண்டு சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதில் ஹெர்ஷல் வாக்கருக்கு அடுத்ததாக வந்தவர். நாட்டிலேயே மிகச் சிறந்த கை அவருடையது என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருடைய கல்லூரி அணி ஒருமுறைகூட சீசன் முடிந்த பிறகு நடக்கும் ‘பவுல்’ ஆட்டத்துக்குப் போனதில்லை. இது அவருடைய கடைசி ஆட்டம். ஜெயித்தால் அலபாமாவில் நடக்கும் ஹால் ஆஃப் ஃபேம் பவுலுக்கு அழைப்பு காத்திருந்தது. பெர்க்லி பக்கம் பயிற்சியாளர் ஜோ கேப், அங்கேயே படித்து அங்கேயே ஆடியவர். அந்த ஆண்டுதான் பொறுப்பேற்றிருந்தார். பெர்க்லிக்கு பவுல் வாய்ப்பு எதுவும் இல்லை. இந்த ஒரு ஆட்டத்தில் ஜெயித்தால் போதும் என்ற நிலை.

பாதி ஆட்டத்தில் பெர்க்லி 10–0. அப்புறம் ஸ்டான்ஃபோர்டு இரண்டு டச்டவுன் எடுத்து 14–10. கடைசிக் கால்பகுதியில் பெர்க்லி 19–14 என்று முந்தியது. ஸ்டான்ஃபோர்டு ஒரு ஃபீல்டு கோலால் 19–17 வரை நெருங்கியது. இனி நேரமில்லை என்ற கட்டத்தில் பந்து எல்வேயிடம் வருகிறது. அவருடைய அணி தன் சொந்த 13-யார்டு கோட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நான்காவது முயற்சி, 17 யார்டு தேவை. தவறினால் பந்து பெர்க்லிக்குப் போய்விடும், ஆட்டம் முடிந்தது. எல்வே 29 யார்டு தூரம் எமில் ஹாரிக்கு எறிந்து உயிர் கொடுத்தார். அங்கிருந்து மைதானம் முழுக்கக் கடந்து, ஃபீல்டு கோல் உதைக்கும் தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அப்போது கடிகாரத்தில் 8 விநாடி. கடிகாரத்தை நிறுத்த எல்வே டைம்-அவுட் கேட்டார். இன்னும் 4 விநாடி பொறுத்துக் கேட்டிருந்தால் அடுத்த உதையோடு ஆட்டம் முடிந்திருக்கும். நான் இந்தக் கட்டுரையை எழுதவே தேவை வந்திருக்காது. மார்க் ஹார்மன் 35 யார்டிலிருந்து உதைத்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 20–19. மிச்சம் 4 விநாடி.

ஸ்டான்ஃபோர்டு வீரர்கள் மைதானத்துக்குள் ஓடிக் கொண்டாடினார்கள். அதற்கு 15 யார்டு தண்டனை. புள்ளி எடுத்த அணி அடுத்துப் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டும். எனவே அந்த உதை வழக்கமான 40-யார்டு கோட்டிலிருந்து இல்லாமல் 25-இலிருந்து. பெர்க்லிக்கு ஓட வேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைந்தது. பெர்க்லி வீரர்கள் கூடி நின்றபோது ரிச்சர்டு ராட்ஜர்ஸ் சொன்னது ஒன்றுதான்: பிடிபடப் போகிறாய் என்று தெரிந்தால் பந்தைப் பின்னால் எறிந்துவிடு. பயிற்சிக்கு நடுவில் பொழுதுபோக்காக அவர்கள் பந்தை இப்படி மாற்றி மாற்றி எறிந்து விளையாடுவது உண்டு. விளையாட்டாகச் செய்தது அன்றைக்குக் கைகொடுத்தது.

ஹார்மன் தரையோடு உருளும்படி உதைத்தார். கெவின் மோயன் எடுத்தார், தன் பக்கத்து 45-யார்டு கோட்டுக்கு அருகில். போக வழியில்லை. இடது ஓரத்தில் இருந்த ராட்ஜர்ஸுக்கு எறிந்தார். ராட்ஜர்ஸ் ஒரு யார்டு போவதற்குள் சூழ்ந்துகொண்டார்கள்; பின்னால் வந்த ட்வைட் கார்னருக்கு எறிந்தார். கார்னர் நேராகக் கூட்டத்துக்குள் பாய்ந்தார். நான்கைந்து ஸ்டான்ஃபோர்டு வீரர்கள் அவர் மேல் விழுந்தார்கள். விழும்போதே அந்தக் குவியலிலிருந்து பந்து வெளியே வந்து மறுபடி ராட்ஜர்ஸ் கைக்குப் போனது.

அவ்வளவுதான், முடிந்தது என்று ஸ்டான்ஃபோர்டு பக்கம் நினைத்தது இந்த நொடியில்தான். ஓரத்தில் நின்ற வீரர்கள் உள்ளே வந்தார்கள். தெற்கு முனையில் காத்திருந்த 144 பேர் கொண்ட ஸ்டான்ஃபோர்டு பேண்டு வாத்தியக் குழுவும், டிரம், டிரம்பெட், டிராம்போன் எல்லாவற்றோடும், மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. பெர்க்லி ஓடிவந்துகொண்டிருந்ததும் அதே தெற்கு முனையை நோக்கித்தான்.

ராட்ஜர்ஸ் நடுவுக்குத் திரும்பி ஓடி, மேரியட் ஃபோர்டுக்கு எறிந்தார். ஃபோர்டு ஓட்டத்தைக் குறைக்காமல் வாங்கிக்கொண்டு வலப்பக்கம் பறந்தார். முன்னால் பேண்டு. பக்கத்தில் மூன்று ஸ்டான்ஃபோர்டு வீரர்கள். அவர்கள் மீது விழுந்துகொண்டே, பின்னால் யார் இருக்கிறார் என்று திரும்பிப் பார்க்காமல், வலது தோளுக்கு மேலாகப் பந்தை வீசினார். அங்கே வந்துகொண்டிருந்தவர் மோயன், இந்த ஓட்டத்தில் பந்தை முதலில் தொட்டவர். ஐந்தாவது லேட்டரல் அவரிடமே வந்து சேர்ந்தது. மோயன் பேண்டுக்குள் புகுந்தார். சிவப்புக் கோட்டு போட்டவர்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். எண்ட் ஸோனுக்குள் குதித்தவர், முன்னால் நடப்பது எதுவும் தெரியாமல் நின்ற டிராம்போன் கலைஞர் கேரி டிரல் மேல் மோதி அவரையும் சாய்த்துவிட்டார். ஓக்லண்ட் ட்ரிப்யூன் பத்திரிகையின் ராபர்ட் ஸ்டின்னெட் எடுத்த புகைப்படம் அந்த நேரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது: பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக் குதிக்கும் மோயன், சுற்றிலும் வாத்தியக்காரர்கள்.

ஆட்டம் முடிந்துவிட்டதா, யார் ஜெயித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. விதிமீறலைக் குறிக்க நடுவர்கள் வீசும் மஞ்சள் கொடிகள் கிடந்தன. நடுவர்கள் யாரும் டச்டவுன் என்று கை தூக்கவில்லை. தலைமை நடுவர் சார்ல்ஸ் மொஃபட் மற்ற நடுவர்களைக் கூட்டினார். யாராவது விசில் ஊதினீர்களா? இல்லை. எறிந்ததெல்லாம் பின்னால்தானா? ஆம். கொடிகள் யார் மேல்? மைதானத்துக்குள் வந்த ஸ்டான்ஃபோர்டு மேல். அப்புறம்தான் மொஃபட் கூட்டத்திலிருந்து விலகி வந்து இரண்டு கைகளையும் உயர்த்தினார். பீரங்கி வெடித்தது. மூன்றாம் உலகப்போரையே தொடங்கிவைத்தது போல இருந்தது என்று பிறகு அவர் சொல்லியிருக்கிறார்.

இந்த ஆட்டத்தை ரசிகர்கள் நினைவுகூரும் விதத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. ‘நான் பார்த்தேன்’ என்று தொடங்குகிற பேச்சு, ஒரு வாக்கியத்துக்குள் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று முடியும். அது ஏன் என்று யோசித்தால் புரியும். தெற்கு முனையில் இருந்தவர்களுக்கு முன்னால் பேண்டின் முதுகு மறைத்தது. வடக்கில் இருந்தவர்கள் பார்த்ததெல்லாம் தூரத்தில் ஓடும் கூட்டம். ஸ்டான்ஃபோர்டு ரசிகர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெர்க்லி ரசிகர்கள் பலர் ஹார்மனின் உதையைப் பார்த்ததுமே எழுந்து வாசலை நோக்கி நடந்துவிட்டார்கள். குன்றுச் சரிவில் இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் பீரங்கிச் சத்தம் கேட்டிருக்கும். பெர்க்லி புள்ளி எடுத்தால்தானே வெடிக்கும், இப்போது ஏன் வெடிக்கிறது என்று நின்று திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நான்கு விநாடி பொறுத்திருக்கலாமே என்ற ஆற்றாமை, ஜெயித்த பக்கத்திலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு உண்டு.

அதனால்தான் இந்த ஆட்டத்தின் நினைவு கண்ணை விடக் காதில் தங்கிவிட்டது. பெர்க்லி ஆட்டங்களுக்கு 1975 முதல் வானொலி வர்ணனை செய்துவந்தவர் ஜோ ஸ்டார்க்கி. அவருடைய குரல் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ராட்ஜர்ஸ், கார்னர் என்று திணறிக்கொண்டே தொடர்கிறவர், திடீரென்று ‘ஐயோ, பேண்டு மைதானத்துக்குள் வந்துவிட்டது’ என்று அலறுகிறார். அமெரிக்க விளையாட்டு வர்ணனையில் இவ்வளவு பேருக்கு மனப்பாடமான வாக்கியம் இன்னொன்று இருக்குமா என்று சந்தேகம்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்குப் பிறகு வரும் பகுதி. கரடிகள், அதாவது பெர்க்லி அணி, எண்ட் ஸோனுக்குள் போய்விட்டது. ஸ்டார்க்கி கொண்டாடவில்லை. கொடிகள் கிடக்கின்றன, லேட்டரல் ஏதாவது விதிமீறலாக இருக்கலாம், இது செல்லாமலும் போகலாம், யார் ஜெயித்தது என்று நமக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பெர்க்லியின் குரலாக இருந்தவர் அவர். இருந்தாலும் கண்ணால் பார்க்காததைச் சொல்லவில்லை. மொஃபட் கை தூக்கிய பிறகுதான் அவர் தொண்டை உடைகிறது: கரடிகள் ஜெயித்துவிட்டன! வீட்டிலும் காரிலும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த இடைவெளியை அவரோடு சேர்ந்தே கடந்தார்கள். மைதானத்தில் இருந்தவர்களைவிட அவர்களுக்குத்தான் நடந்தது தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி சண்டைக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டு தரப்பின் முதல் வாதம் கார்னரின் முழங்கால். பந்து கையைவிட்டுப் போவதற்கு முன்பே அது தரையில் பட்டுவிட்டது என்கிறார்கள். இரண்டாவது வாதம் ஃபோர்டின் கடைசி வீச்சு முன்னால் போனது என்பது. கிடைக்கும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கார்னரின் கால் இருக்கும் இடத்தில் உடம்புகள்தான் தெரிகின்றன. படம் உயரத்திலிருந்து, பக்கவாட்டில் எடுத்தது. நெருக்கத்தில் எதுவும் இல்லை. ஃபோர்டின் வீச்சோ, இருவரும் ஓட்டத்தில் இருக்கும்போது நடந்தது. அந்தக் கோணத்திலிருந்து முன்னா பின்னா என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. கார்னர் தன் கால் படவில்லை என்றே எப்போதும் சொல்லிவந்தார். அவரைப் பிடித்தவர்கள் பட்டது என்றே சொல்கிறார்கள். இரு பக்கமும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஐந்து பேர் மேலே விழுந்து கிடக்கும்போது ஒவ்வொருவருக்கும் உணர்வது வேறு வேறாகத்தான் இருக்கும்.

இன்றைக்கு என்றால் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்து முடிவு சொல்லியிருப்பார்கள். கல்லூரிக் கால்பந்தில் அந்த முறை 2004-இல்தான் சோதனையாக நுழைந்தது. 1982-இல் விசில்தான் சட்டம். விசில் ஊதவில்லை, ஆகவே பந்து உயிரோடு இருந்தது. என் கருத்தைக் கேட்டால், நடுவர்கள் சரியாகவே தீர்ப்புச் சொன்னார்கள். இன்னொன்றையும் ஸ்டான்ஃபோர்டு நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள்: கொடிகள் அவர்கள் பக்கத்து ஆட்கள் மேல் விழுந்தவை. பேண்டுக்கு நடுவே ஃபோர்டு பிடிபட்டிருந்தாலும் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தற்காப்பு அணி மீது தண்டனை இருந்தால் நேரம் தீர்ந்த பிறகும் இன்னொரு வாய்ப்புக் கிடைக்க விதியில் இடமுண்டு.

ஆனால் ஸ்டான்ஃபோர்டு ரசிகர்களின் வலி முழங்காலோடு நின்றுவிடுவதில்லை. அவர்கள் இழந்தது இன்னொரு கதையை. நான்காவது முயற்சி, 17 யார்டு, சொந்த 13-யார்டு கோடு, கடைசி ஆட்டம், எதிரியின் மைதானம். எல்வே அங்கிருந்து எழுந்து வந்து ஜெயித்துக் கொடுத்தார். பிக் கேம் வரலாற்றில் அதுதான் காலத்துக்கும் பேசப்படும் காட்சியாக இருந்திருக்க வேண்டும். 20 விநாடி ஓட்டம் அதை மூடிவிட்டது. இன்று அமெரிக்காவில் யாரிடமாவது எல்வேயின் பெரிய ஆட்டம் எது என்று கேட்டால், 1987 ஜனவரியில் கிளீவ்லாந்துக்கு எதிராக, பின்னாளில் தான் ஆடிய தொழில்முறை அணியான டென்வரை 98 யார்டு நகர்த்திச் சமன் செய்ததைச் சொல்வார்கள். அதன் ஒத்திகையை நாங்கள் நான்கு வருடம் முன்பே பார்த்துவிட்டோம் என்று சொல்ல ஸ்டான்ஃபோர்டு ரசிகருக்கு உரிமை உண்டு. கேட்க ஆள்தான் இல்லை. ஆட்டம் முடிந்ததும் எல்வே மிகவும் கசந்துபோய்ப் பேசினார், தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தை நடுவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 22 வயது. தன்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்துவிட்டு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தவர் அவர். ஸ்டான்ஃபோர்டு அந்த சீசனை 5 வெற்றி, 6 தோல்வி என்று முடித்தது. பவுல் அழைப்பு போனது. பயிற்சியாளர் பால் விக்கின் அடுத்த ஆண்டோடு வேலையை இழந்தார்.

நான்கு நாள் கழித்து ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் தங்கள் வழியில் பதில் சொன்னார்கள். அங்கே மாணவர்கள் நடத்தும் ‘ஸ்டான்ஃபோர்டு டெய்லி’ பத்திரிகைக்காரர்கள், பெர்க்லியின் ‘டெய்லி கலிஃபோர்னியன்’ போலவே ஒரு போலி இதழை அச்சடித்தார்கள். தலைப்புச் செய்தி: கல்லூரி விளையாட்டு அமைப்பு ஆட்டத்தை ஸ்டான்ஃபோர்டுக்கு வழங்கியது. 7,000 பிரதிகளைப் பெர்க்லி வளாகத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். காலையில் வகுப்புக்குப் போகிற வழியில் எடுத்துப் படித்த பெர்க்லி மாணவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். எழுத்து, பக்க அமைப்பு எல்லாம் அத்தனை கச்சிதம். கோடரித் திருட்டு மரபில் வந்த பிள்ளைகள்தானே.

பேண்டுக்காரர்கள் நிலைமை பாவம். வருடக்கணக்கில் பழி அவர்கள் மேல்தான். ஓடி வந்தது அவர்கள் மட்டுமில்லை, ஓரத்தில் நின்ற வீரர்களும்தான். ஆனால் கதையில் நிற்பது டிராம்போன். கேரி டிரலின் நசுங்கிய டிராம்போன் பின்னாளில் கல்லூரிக் கால்பந்துப் புகழரங்கில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அவரைக் கீழே தள்ளிய மோயனும் அவரும் பிறகு பழக்கமாகி, ஆண்டு விழாக்களில் சேர்ந்தே வருவார்கள். ராட்ஜர்ஸ் குடும்பத்தில் இந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அவருடைய மகனும் ரிச்சர்டு ராட்ஜர்ஸ்தான், பெர்க்லியிலேயே ஆடியவர். 2015 டிசம்பரில் டெட்ராய்ட்டில், நேரம் தீர்ந்த பிறகு, கிரீன் பே அணியின் ஆரன் ராட்ஜர்ஸ் எறிந்த 61 யார்டு பந்தைக் கூட்டத்துக்கு மேல் எம்பிப் பிடித்து ஜெயித்துக் கொடுத்தவர் அந்த மகன். எறிந்த ஆரனும் பெர்க்லிக்காரர். இரண்டு ராட்ஜர்ஸும் உறவில்லை. அப்பா, மகன் இருவர் ஆட்டத்திலும் கடிகாரம் பூஜ்யத்தில் நின்றது.

ஸ்டார்க்கி 2022 சீசனோடு மைக்கை வைத்துவிட்டார். 2024-இல் இரண்டு கல்லூரிகளும் பசிபிக் கரைக் கூட்டமைப்பை விட்டு அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. கண்டம் தாண்டிப் போய் ஆடுகிறார்கள். பிக் கேம் மட்டும் விரிகுடாவைச் சுற்றியே நடக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு ரசிகரிடம் 1982 பற்றிப் பேச்செடுத்தால், கொஞ்ச நேரத்தில் அவர் 1990-க்குத் தாவிவிடுவார். அதே மெமோரியல் ஸ்டேடியம். ஸ்டார்க்கி அப்போதும் பெர்க்லியின் வர்ணனையாளர். ஸ்டான்ஃபோர்டு 18–25 என்று பின்தங்கி இருந்தது. 12 விநாடி மிச்சம் இருக்கும்போது ஒரு டச்டவுன் எடுத்து 24–25. ஜெயிக்கத் துணிந்து இரண்டு புள்ளி முயற்சி செய்தார்கள், தவறிவிட்டது. ஆட்டம் முடிந்தது என்று எண்ணி, இந்த முறை மைதானத்துக்குள் ஓடி வந்தவர்கள் பெர்க்லி ரசிகர்கள். அவர்களை வெளியேற்றிய பிறகு பெர்க்லிக்கு 15 யார்டு தண்டனை. ஸ்டான்ஃபோர்டு குட்டையாக உதைத்துத் தானே பந்தை எடுத்துக்கொண்டது. அடுத்த எறிதலில் பெர்க்லி வீரர் முரட்டுத்தனமாக மோதியதற்கு இன்னொரு தண்டனை. ஜான் ஹாப்கின்ஸ் 39 யார்டிலிருந்து உதைத்தார். 27–25. 1982-இல் ஹார்மன் உதைத்த பிறகு கடிகாரத்தில் 4 விநாடி மிச்சம் இருந்தது. ஹாப்கின்ஸ் உதைத்த பந்து கம்பங்களைத் தாண்டியபோது எதுவும் மிச்சம் இல்லை.